பூட்டில்லா கேம்கள்: வாங்குவது, பத்திரப்படுத்துவது, ஐம்பது வயதிலும் ஆடுவது

'தி க்ரூ' என்ற கார் பந்தய கேம் 2014-ல் வந்தது. 2024 மார்ச் 31 அன்று யுபிசாஃப்ட் நிறுவனம் அதன் சர்வர்களை நிறுத்தியது. சர்வர் இல்லாவிட்டால் அந்த கேம் திறக்கவே திறக்காது. தனியாளாக ஓட்டும் பந்தயமும் அப்படியே கட்டப்பட்டிருந்தது. டிஸ்க் வாங்கி அலமாரியில் வைத்திருந்தவர்களுக்கும் அத்தோடு முடிந்தது. ராஸ் ஸ்காட் என்பவர் அதே ஆண்டில் தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம் இதிலிருந்துதான் வேகம் பிடித்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அவர்கள் அனுப்பிய மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது.

கேம் ஓடலாமா கூடாதா என்று ஒவ்வொரு முறையும் வெளியே ஒரு சர்வரையோ கணக்கையோ கேட்கும் பூட்டுக்குத்தான் டி.ஆர்.எம். என்று பெயர். அந்தப் பூட்டு இல்லாத கேமை இறக்கி வைத்துக்கொண்டால், விற்ற கடை மூடினாலும், நெட் இல்லாவிட்டாலும், இருபது வருடம் கழித்தும் இன்ஸ்டால் செய்யலாம். டிவியில் கேசட் செருகியும், பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கு எழுதியும் ஆடி வளர்ந்தவர்களுக்கு இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. பதினைந்து வயதில் பிடித்ததை ஐம்பது வயதில் பிள்ளையோடு உட்கார்ந்து ஆட வேண்டுமென்றால், அந்தக் கோப்பு நம் கையில் இருக்க வேண்டும். இந்த வழிகாட்டி அதற்காகத்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நெட், கரண்ட் நிலவரத்தை மனதில் வைத்தே எழுதியிருக்கிறோம்.

முதல் படி: எங்கே வாங்குவது

முதலில் பார்க்க வேண்டிய இணையக் கடை ஜிஓஜி. 2008-ல் போலந்தின் சிடி ப்ராஜெக்ட் தொடங்கியது. பழைய கேம்களைப் புது விண்டோஸில் ஓட வைத்து விற்பதே ஆரம்ப நோக்கம். பிரவுசிங் சென்டர் காலத்து 'ப்ராஜெக்ட் ஐ.ஜி.ஐ.', 'கமாண்டோஸ்' ஆகியவை அங்கே கிடைக்கின்றன. 'விட்சர் 3', 'சைபர்பங்க் 2077' போன்ற பெரிய கேம்களும் பூட்டில்லாமல் உண்டு. வாங்கி 30 நாளுக்குள் கோளாறு என்றால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

அடுத்தது இட்ச்.ஐஓ. 2013-ல் தொடங்கியது, ஒருவர் இருவராக கேம் செய்பவர்களின் கூடாரம். பெரும்பாலானவை ஜிப் கோப்பாக இறங்கும். கடைக்கு எத்தனை சதவீதம் என்பதைக் கேம் செய்தவரே தீர்மானிக்கிறார். அவர் மாற்றாவிட்டால் 10 சதவீதம். குறிப்பிட்ட விலைக்கு மேலே கொடுக்கவும் வழி உண்டு. ஒரு படைப்பாளிக்கு நேராகப் பணம் போய்ச் சேர இதைவிட நல்ல இடம் இல்லை.

பெரிய இணைய கேம் கடையான ஸ்டீமில் உள்ள எல்லாமே பூட்டியவை என்று நினைப்பது தவறு. அங்கே பூட்டுப் போடுவது கேம் நிறுவனத்தின் விருப்பம். போடாமல் விட்டவை நிறைய. கேம் ஃபோல்டரை ஸ்டீம் இல்லாத இன்னொரு கணினிக்கு நகல் எடுத்து நேராகத் திறந்து பாருங்கள். ஓடினால் பூட்டில்லை. வாங்குமுன்பே தெரிய வேண்டுமென்றால் பிசி கேமிங் விக்கி என்ற தளத்தில் கேமின் பெயரைத் தேடுங்கள். எந்தக் கடைப் பதிப்பில் எந்தப் பூட்டு என்று அட்டவணையாக இருக்கும். அதில் டெனூவோ என்ற பூட்டின் பெயரைப் பார்த்தால் அந்த கேமைத் தள்ளிவிடுங்கள்.

காசே செலவில்லாமல் தொடங்க: 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை' என்ற 1994-ஆம் ஆண்டு கேம் 2003-ல் இலவசமாக்கப்பட்டது, ஜிஓஜியில் கிடைக்கிறது. கீழே வரும் எல்லாப் படிகளையும் முதலில் அதில் செய்து பழகுங்கள். 'சூப்பர் டக்ஸ் கார்ட்', 'பேட்டில் ஃபார் வெஸ்நாத்', 'ஓப்பன் டிடிடி' மூன்றும் திறந்த மூலக் கேம்கள்.

வாங்குமுன் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். ஜிஓஜிப் பதிப்பு கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது? சில நிறுவனங்கள் ஸ்டீமுக்கு மட்டும் திருத்தம் அனுப்பிவிட்டு இங்கே மறந்துவிடும். பலர் சேர்ந்து ஆடும் பகுதிக்குத் தனிக் கணக்கோ ஜிஓஜியின் கேலக்ஸி மென்பொருளோ தேவையா? தேவையென்றால் தனியாக ஆடும் பகுதிக்கு மட்டும்தான் இந்த வழிகாட்டி பொருந்தும். மூன்றாவது, உங்கள் கணினி தாங்குமா என்பது.

பணம் கட்டும்போது

இங்கே பலர் திரும்பிவிடுகிறார்கள். கார்டு செல்லாது என்று வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது வெளிநாட்டுப் பரிவர்த்தனைச் சுவிட்சை. ரிசர்வ் வங்கியின் 2020-ஆம் ஆண்டு விதிப்படி புதுக் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே வரும். வங்கியின் ஆப்பில் கார்டு மேலாண்மைப் பகுதிக்குப் போய் 'இன்டர்நேஷனல்', 'ஆன்லைன்' இரண்டையும் திறந்து, வரம்பை கேமின் விலைக்குச் சற்று மேலே வையுங்கள். வாங்கி முடித்ததும் மறுபடி மூடிவிடுங்கள். விசா, மாஸ்டர்கார்டு என்றால் சிக்கல் குறைவு.

விலை டாலரில் இருந்தால், வங்கி மாற்றுக் கட்டணம் எடுக்கும். வங்கிக்கு வங்கி 2 முதல் 3.5 சதவீதம் வரை, அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 3.5 என்று வைத்தால் மொத்தம் 4.13 சதவீதம், 1,000 ரூபாய்க்கு 41 ரூபாய் 30 காசு கூடும்.

இரண்டாம் படி: இறக்குவது

இதில்தான் நம் மாவட்டங்களுக்குத் தனிக் கணக்கு வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் நகரங்களில் ஃபைபர் இருக்கிறது. அஞ்செட்டிப் பக்கம் காட்டை ஒட்டிய ஊரிலோ, சித்தேரி மலையிலோ போனில் வரும் சிக்னல்தான் கதி. நாளுக்கு 2 ஜிபி திட்டத்தில் 20 ஜிபி கேமுக்கு முழுதாகப் பத்து நாள் ஆகும், அதுவும் வேறெதற்கும் நெட்டைத் தொடாமல். 40 எம்பிபிஎஸ் ஃபைபரில் அதே கேம் ஏறக்குறைய 68 நிமிடம். ஆகவே ஓசூரில் வேலை பார்ப்பவரோ, தர்மபுரியில் படிக்கும் பிள்ளையோ அங்கே உங்கள் கணக்கில் இறக்கி, பென்டிரைவில் ஊருக்கு எடுத்து வரலாம். பூட்டுள்ள கேமில் இது நடக்காது; கொண்டு வந்த பிறகும் அது நெட்டைத் தேடும்.

ஜிஓஜியில் உள்நுழைந்து உங்கள் லைப்ரரியில் கேமின் மேல் சொடுக்குங்கள். 'ஆஃப்லைன் பேக்கப் கேம் இன்ஸ்டாலர்ஸ்' என்ற பகுதி வரும். கேலக்ஸி வழியாக நேரடியாக இன்ஸ்டால் செய்யும் பொத்தானை அழுத்தினால் கேம் கணினியில் ஏறுமே தவிர, எடுத்து வைக்க இன்ஸ்டாலர் கிடைக்காது. நிறையப் பேர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

பெரிய கேம் என்றால் ஒரு செட்டப் கோப்பும், அதோடு 4 ஜிபிக்கு மிகாத பல 'பின்' (.bin) துண்டுகளும் இருக்கும். எல்லாத் துண்டும் ஒரே ஃபோல்டரில், பெயர் மாறாமல் இருக்க வேண்டும். ஒன்றை இருமுறை இறக்கி, பெயரின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் எண் சேர்ந்துவிட்டால் செட்டப் அதைக் கண்டுகொள்ளாது. பாதியில் நின்று அடுத்த டிஸ்க்கைக் கேட்கும். பெயரைப் பழையபடி திருத்தினாலே போதும். கேமோடு வரும் கையேடு, இசை, படங்கள் ஆகியவற்றையும் அப்போதே எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரவுசரில் இறக்கும்போது கரண்ட் போனால் பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டி வரும், ஏனென்றால் இறக்கும் இணைப்புக்குக் காலக்கெடு உண்டு. மாங்காய் பருவத்தில், சாயங்காலம் காற்றும் மழையும் வரும் நாட்களில் இது அடிக்கடி நடக்கும். மின்வாரியத்தின் பராமரிப்பு நிறுத்த நாளைப் பார்த்துக்கொண்டு, துண்டு துண்டாக ஒவ்வொன்றாக இறக்குங்கள். மோடத்துக்கு மட்டும் ஒரு சின்ன யுபிஎஸ், இறக்குவது லேப்டாப்பில் என்று வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை போய்விடும். கேலக்ஸியின் வழியாகவும் பேக்கப் இன்ஸ்டாலரை இறக்கலாம். அது விட்ட இடத்திலிருந்து தொடரும்.

மூன்றாம் படி: கோப்பு முழுசா என்று பார்ப்பது

இறங்கிய செட்டப் கோப்பின் மேல் வலது சொடுக்கி, 'ப்ராப்பர்ட்டீஸ்' போய் 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' தாவலைத் திறங்கள். ஜிஓஜி பெயர் இருக்க வேண்டும். யாரோ பென்டிரைவில் கொடுத்த கோப்பில் அந்தத் தாவலே இல்லையென்றால் தொடாதீர்கள்.

பிறகு செவன்-ஜிப் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, கோப்பின் மேல் வலது சொடுக்கினால் 'எஸ்ஹெச்ஏ-256' என்ற தேர்வு கிடைக்கும். அது தரும் 64 எழுத்து நீள எண்ணை ஒரு குறிப்புக் கோப்பில் ஒட்டி, அதே ஃபோல்டரில் வையுங்கள். அடுத்த வருடம் மறுபடி கணக்கிட்டு இரண்டும் ஒத்துப்போனால் ஒரு பிட் கூடக் கெடவில்லை என்று அர்த்தம். ஒத்துப்போகாவிட்டால் இன்னொரு நகலிலிருந்து அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம்.

நான்காம் படி: நெட்டைப் பிடுங்கிவிட்டு ஓட்டிப் பார்ப்பது

இதைச் செய்யாமல் 'பத்திரமாக இருக்கிறது' என்று யாரும் சொல்லக் கூடாது. வைஃபையை அணைத்து, கணினியை ரீஸ்டார்ட் செய்து, இன்ஸ்டாலரை ஓட்டுங்கள். கேமைத் திறந்து, பத்து நிமிடம் ஆடி, சேவ் செய்து, மூடி, மறுபடி திறந்து அந்த சேவ் வருகிறதா என்று பாருங்கள். உங்கள் கணக்கே நுழையாத இன்னொரு கணினியில் இதைச் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது.

இந்தச் சோதனையில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை கேமின் குற்றமாக இருக்காது. பழைய கேமை 'ப்ரோகிராம் ஃபைல்ஸ்' உள்ளே போட்டால் சேவ் எழுத விண்டோஸ் விடாது. சி டிரைவில் நேராக 'கேம்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு அங்கே வையுங்கள். விண்டோஸ் பயனர் பெயரைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு முக்கியமான குறிப்பு: 2000-க்கு முன்பின் வந்த கேம்கள் பல, பாதையில் ஆங்கிலமல்லாத எழுத்து இருந்தால் சேவ் ஆகாமலோ திறக்காமலோ போகும். ஆங்கில எழுத்தில் தனியாக ஒரு பயனர் கணக்கு உருவாக்கி அதில் ஆடுங்கள். விண்டோஸை நிறுவும்போது வைத்த பயனர் ஃபோல்டரின் பெயரைப் பிறகு மாற்ற முயல்வது வீண் வேலை.

இட்ச்சில் இறக்கிய ஜிப்பை விரிக்காமல் உள்ளேயே திறந்து ஓட்டினாலும் சேவ் தங்காது. தெரியாத ஆப் என்று நீலத் திரை வந்தால், அது இட்ச் தளத்தில் படைப்பாளியின் சொந்தப் பக்கத்திலிருந்து இறங்கியது என்று உறுதியான பிறகு மட்டும் 'மோர் இன்ஃபோ' அழுத்தி ஓட்டுங்கள்.

சேவ் கோப்பு கேம் ஃபோல்டரில் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். 'ஸ்டார்டியூ வேலி'யின் சேவ்கள் பயனர் கணக்கின் மறைந்த 'ஆப்டேட்டா' ஃபோல்டருக்குள் உட்கார்ந்திருக்கும். விண்டோஸை அழித்துப் போடுபவர்கள் மூன்று வருடப் பண்ணையை இழப்பது இப்படித்தான். எந்த கேமுக்கு எங்கே என்பது பிசி கேமிங் விக்கியில் உண்டு. இன்ஸ்டாலரோடு சேவ் கோப்பையும் நகல் எடுங்கள்.

ஐந்தாம் படி: பத்திரப்படுத்துவது

இரண்டு ஹார்டுடிஸ்க், இரண்டு ஊர். ஒன்று பாலக்கோட்டில் உங்கள் வீட்டில் என்றால் இன்னொன்று ஓசூரில் அக்கா வீட்டில் இருக்கட்டும். இடி இறங்கினாலும் திருடு போனாலும் ஒன்று மிஞ்சும்.

பெட்டியில் வைத்துவிடும் நகலுக்கு எஸ்எஸ்டி வேண்டாம். கரண்ட் இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்தால் அதில் உள்ளது மங்கக்கூடும். சுழலும் ஹார்டுடிஸ்க்தான் இதற்குச் சரி. விண்டோஸ் மட்டுமே பயன்படுத்தும் வீடு என்றால் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு முறை சீக்கிரம் குழம்பும். பென்டிரைவ் ஃபேட்32-ல் இருந்தால் 4 ஜிபிக்கு மேலான கோப்பு ஏறாது. ஜிஓஜித் துண்டுகள் ஏறும், இட்ச்சின் பெரிய ஜிப் ஏறாது. மலிவான பென்டிரைவில் எழுதும் வேகம் நொடிக்கு 8 எம்பி என்றால் 20 ஜிபிக்கு 43 நிமிடம் ஆகும். பொறுமையாக இருந்து, 'இஜெக்ட்' கொடுத்த பிறகே பிடுங்குங்கள்.

ஹார்டுடிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டு அறுந்து அறுந்து வந்தால் உடனே செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். டெஸ்க்டாப்பின் முன்பக்க யுஎஸ்பி துளைக்குப் போதிய மின்சாரம் வராமல் இருக்கலாம். பின்பக்கத் துளையில், நீளம் குறைந்த கேபிளில் போட்டுப் பாருங்கள். அதன் பிறகும் சத்தம் இருந்தால் அன்றே நகல் எடுங்கள்.

பொங்கலுக்கு ஒருமுறை, ஆடிப்பெருக்குக்கு ஒருமுறை இரண்டு டிஸ்க்கையும் இணைத்து, எஸ்ஹெச்ஏ-256 எண்ணைச் சரிபாருங்கள். கேமுக்குப் புதுப் பதிப்பு வந்திருந்தால் முழு இன்ஸ்டாலரையே புதிதாக இறக்குங்கள். சின்னத் திருத்தக் கோப்புகளை வரிசையாகச் சேர்த்து வைத்தால் பின்னால் எது எதன் மேல் ஏறும் என்று தெரியாமல் திண்டாட வேண்டும். புதியதை நான்காம் படியில் சோதித்த பிறகுதான் பழையதை அழிப்பது.

இந்த உழைப்புக்குப் பயன் உண்டா என்றால், 2024 டிசம்பரில் 'வார்கிராஃப்ட்' முதல் இரண்டு கேம்களும் ஜிஓஜி விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டதை நினைத்துப் பார்க்கலாம். புதிதாக யாரும் அங்கே வாங்க முடியாது. ஏற்கனவே வாங்கி இன்ஸ்டாலர் எடுத்தவர்களிடம் இரண்டும் பத்திரமாக ஓடுகின்றன.

எந்தக் கணினி போதும்

புதிதாக எதுவும் வேண்டாம். அலுவலகங்கள் கழித்துவிட்ட நான்காம் தலைமுறை ஐ5 டெஸ்க்டாப், 8 ஜிபி ராம், 240 ஜிபி எஸ்எஸ்டி இருந்தால் 2010 வரை வந்தவற்றில் பெரும்பகுதியும், சின்னப் படைப்பாளிகளின் இரு பரிமாணக் கேம்களும் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமலே ஓடும். கையில் பிடித்துப் பார்த்து வாங்க பெங்களூரு எஸ்.பி. ரோடு இருக்கிறது, ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர்தான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. பழைய கணினியில் அதை நெட் இல்லாமல் கேமுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, ஹீரோயிக் அல்லது லூட்ரிஸ் என்ற மென்பொருள் மூலம் அதே இன்ஸ்டாலர்களை ஓட்டலாம். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து கேம்களுக்கு, அவற்றை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ், ஸ்கம்-விஎம் ஆகிய மென்பொருள்கள் போதும். ஜிஓஜியே பல பழைய கேம்களை இவற்றோடு கட்டித்தான் தருகிறது.

மே மாதத்து தர்மபுரி வெயிலில் லேப்டாப்பை மெத்தை மேல் வைத்து ஆடினால் பத்தே நிமிடத்தில் வேகம் சரியும். பின்பக்கம் இரண்டு சென்டிமீட்டர் உயர்த்தி, கேமில் நொடிக்கு 60 சட்டகம் என்பதை 30 ஆகக் குறைத்தால் சூடு கண்கூடாக இறங்கும்.

நாற்பதுக்கு மேல் ஆடுவது

விரல் வேகம் குறைந்துவிட்டது என்று கேமையே விட்டுவிடுபவர்களைப் பார்த்தால் மனம் கேட்பதில்லை. குறைந்திருப்பது வேகம் மட்டும்தான். யோசிக்கும் சுகமும் கதையில் ஒன்றும் மனமும் அப்படியே இருக்கின்றன. 'ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3', 'வெஸ்நாத்' போன்ற முறை வைத்து ஆடும் கேம்கள் நமக்காகக் காத்திருக்கும். ஓசூர் கம்பெனியில் மூன்றாம் ஷிஃப்ட் முடித்து வருபவர் இருபது நிமிடம் ஆடி, எந்த இடத்திலும் சேவ் செய்து எழுந்துவிடலாம். எளிய நிலையில் ஆடுவதில் எந்தக் குறைவும் இல்லை.

முதல் நாளே செட்டிங்ஸில் நுழைந்து எழுத்தளவை ஏற்றுங்கள், சப்டைட்டிலைத் திறங்கள், 'மோஷன் ப்ளர்', 'கேமரா ஷேக்' இரண்டையும் அணையுங்கள். முதல் நபர் கேமில் தலை சுற்றினால் 'ஃபீல்ட் ஆஃப் வியூ' எண்ணை 90-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்; பழைய கேம்களின் குறுகிய பார்வைதான் பலருக்குக் குமட்டலைத் தருகிறது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தூரத்தில் உள்ளதை இருபது நொடி பாருங்கள். மணிக்கட்டு வலித்தால் மவுஸை விட்டுக் கண்ட்ரோலருக்கு மாறுங்கள்.

பிள்ளைகளோடு ஆட 'ஸ்டார்டியூ வேலி' நல்ல தொடக்கம். எரிக் பரோன் என்ற ஒரே ஆள் செய்து 2016-ல் வெளியிட்டது; 2020 டிசம்பரில் வந்த 1.5 பதிப்பிலிருந்து ஒரே திரையைப் பிரித்து இருவர் ஆடலாம். கரண்ட் போன ராத்திரிக்குத் தரையில் சாக்பீஸால் ஆடுபுலிக் கட்டம் வரையுங்கள்: 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. கோயில் மண்டபத் தரைகளில் யாரோ செதுக்கிவிட்டுப் போன கட்டத்தில் இன்றும் காய் நகர்த்த முடிகிறது. பூட்டில்லா கேமுக்கு நாம் கேட்பதும் அந்த ஆயுளைத்தான்.

செய்தவர்களுக்குத் துணை நிற்பது

பூட்டில்லை என்பதால் ஊருக்கெல்லாம் நகல் எடுத்துக் கொடுக்கும் உரிமை வந்துவிடாது. உங்கள் வீட்டுக் கணினிகளில் போடுங்கள்; நண்பருக்குப் பிடித்தால் பரிசாக ஒன்று வாங்கிக் கொடுங்கள். பூட்டில்லாமல் விற்பவர் நம்மை நம்பி விற்கிறார். அந்த நம்பிக்கை உடைந்தால் அடுத்த கேமைப் பூட்டித்தான் தருவார். கிராக் செய்த கோப்புகள் பக்கம் போகவே வேண்டாம். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைப்பதற்கு இரண்டு வருடம் வரை சிறை சொல்கிறது. கிராக்கோடு சேர்ந்து வரும் வைரஸ் தனி.

ஒரு கேம் இரண்டு கடையிலும் ஒரே விலை என்றால் பூட்டில்லாத கடையில் வாங்குங்கள். ஜிஓஜியின் 'ட்ரீம்லிஸ்ட்' பகுதியில் நீங்கள் திரும்பக் கேட்கும் பழைய கேமுக்கு வாக்களியுங்கள். பிடித்த சின்னப் படைப்பாளியின் பக்கத்தில் நாலு வரி விமர்சனம் எழுதுங்கள். தமிழில் எழுதினாலும் சரி. பூட்டில்லாப் பதிப்பு வருமா என்று மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள், வந்தால் முதல் வாரத்திலேயே வாங்குங்கள். எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் என்ற இரண்டையும் வைத்துத்தான் அடுத்த கேமை எங்கே விற்பது என்று அவர்கள் முடிவு செய்கிறார்கள்.

கடைசியாக ஒரு தாள் வேலை. எந்தக் கடையில் எந்த மின்னஞ்சலில் கணக்கு, எந்த டிஸ்க்கில் எந்த கேம் என்று ஒரு பக்கத்தில் எழுதி, டிஸ்க் பெட்டியிலேயே வையுங்கள். பாஸ்வேர்டைத் தனியாக வையுங்கள். மின்னஞ்சலை மீட்க வைத்திருக்கும் போன் எண் ரீசார்ஜ் இல்லாமல் செத்த பழைய எண்ணாக இருந்தால் இன்றே மாற்றுங்கள். எண் போனால் மின்னஞ்சல் போகும், மின்னஞ்சல் போனால் இன்னும் இறக்கி வைக்காத கேம் எல்லாம் போகும்.